கப்பல் கேபினில் மூன்று பெரியவர்கள்: யார் எங்கே படுப்பது?

சொகுசுக் கப்பலில் ஒரே கேபினில் மூன்று பெரியவர்களாக இரண்டு தடவை போயிருக்கிறேன். முதல் தடவை நானும் இரண்டு நண்பர்களும், அடுத்தது அப்பா அம்மாவுடன். இரண்டு தடவையும் படுக்கை விஷயத்தில் தப்புச் செய்தேன், ஆனால் வேறு வேறு தப்பு. அதற்கப்புறம் கப்பலில் போகிற நண்பர்கள், உறவுக்காரர்கள் எல்லாரும் என்னிடம் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள், கேட்பதும் பெரும்பாலும் அதே கேள்விகள்தான். அதனால் மொத்தமாக எழுதிவைக்கிறேன். குழந்தைகளோடு போவது வேறு கதை, பத்து வயதுப் பையன் மேல் கட்டிலைப் பார்த்தால் குதிப்பான். இது கால் நீளமானவர்கள், குறட்டை விடுகிறவர்கள், ராத்திரி இரண்டு தடவை பாத்ரூம் போகிறவர்கள் ஆகியோருக்கு.

மூன்று பேருக்கு ஒரே கேபின் தருவார்களா?

தருவார்கள். ஆனால் எல்லாக் கேபினிலும் இல்லை. கப்பல் கேபின் அடிப்படையில் இரண்டு பேருக்கானது, கட்டணம், துண்டு, அலமாரி எல்லாம் இரண்டு பேரை மனதில் வைத்தே போட்டிருப்பார்கள். அதில் ஒரு பகுதிக் கேபின்களில்தான் மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கூடுதல் படுக்கை பொருத்தியிருப்பார்கள். ஓட்டலில் போய் ஒரு மெத்தை கேட்டு ஓரமாகப் போட்டுக்கொள்வதுபோல இங்கே முடியாது, தரையில் அதற்கு இடமும் இல்லை, பாதுகாப்பு விதியும் விடாது. பதிவு செய்யும்போதே மூன்று பேர் என்று போட்டுத் தேடுங்கள், அப்போது மூன்று படுக்கை உள்ள கேபின்கள் மட்டும் வரும். முதலில் இரண்டு பேருக்குப் போட்டுவிட்டு அப்புறம் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பதுதான் பலர் மாட்டிக்கொள்ளும் இடம்.

மூன்றாவது படுக்கை எப்படி இருக்கும்?

மூன்று வகை பார்க்கலாம். முதலாவது, புல்மேன். சுவரிலோ கூரையிலோ மடித்து ஒட்டிவைத்த கட்டில். பகலில் அது இருப்பதே தெரியாது, சுவரில் ஒரு அலங்காரப் பலகை மாதிரி இருக்கும். சாயங்காலம் கேபின் ஸ்டூவர்ட், அதாவது கேபினைச் சுத்தம் செய்து பார்த்துக்கொள்ளும் பணியாளர், வந்து ஒரு சாவியால் திருகி இறக்குவார், ஏணியை மாட்டுவார், விரிப்புப் போடுவார். ரயிலில் அப்பர் பர்த் ஏறியவர்களுக்குப் பெரிய ஆச்சரியம் இருக்காது, ஆனால் மெத்தை அதைவிடப் பரவாயில்லை, விழாமல் இருக்க ஓரத்தில் தடுப்பும் இருக்கும்.

இரண்டாவது, சோபா பெட். பகலில் உட்காரும் சோபா, ராத்திரி படுக்கை. இதில் இரண்டு ரகம் உண்டு. இருக்கையை அப்படியே முன்னால் இழுத்தோ, முதுகுப் பகுதியைக் கழற்றியோ ஒரு ஆள் படுக்கிற ஒற்றைப் படுக்கை ஆக்குவது ஒன்று. மடித்துவைத்த இரும்புச் சட்டம் வெளியே வந்து விரிகிற இரட்டைப் படுக்கை இன்னொன்று. இரண்டாவது ரகம் படத்தில் பெரியதாகத் தெரியும், ஆனால் மெத்தை மெலிசாக இருந்தால் நடுவில் ஓடும் கம்பி முதுகெலும்பை எண்ணிக் காட்டும்.

மூன்றாவது, கட்டிலுக்கு அடியிலிருந்து இழுக்கிற படுக்கை. அபூர்வம். கிடைத்தால் அதிர்ஷ்டம் என்று சொல்லமாட்டேன், தரையோடு தரையாகப் படுக்க வேண்டும், எழுந்திருக்க முழங்கால் நன்றாக இருக்க வேண்டும்.

புல்மேனா, சோபாவா? எது நல்லது?

பெரியவர்களுக்கு என்றால் என் ஓட்டு புல்மேனுக்கு, யாராவது ஒருவருக்கு ஏணி ஏற முடியும் என்றால். இதைச் சொன்னால் எல்லாரும் முகத்தைச் சுளிப்பார்கள். காரணம் கேளுங்கள்.

சோபாவை விரித்த பிறகு கேபினில் தரை என்று ஒன்று மிஞ்சாது. ஜன்னல் இல்லாத உள்ளறைக் கேபின் பெரும்பாலும் 150 முதல் 185 சதுர அடிக்குள்தான், அதில் பாத்ரூமும் அலமாரியும் போக மிச்சத்தில் இரட்டைக் கட்டில். பால்கனிக் கேபினில் சோபா பால்கனிக் கதவுப் பக்கம் இருந்தால், விரித்ததும் பால்கனிக்குப் போக படுத்திருக்கிறவரின் கால் மேலேதான் தாண்ட வேண்டும். சில கேபின்களில் சோபா பாத்ரூம் பக்கம், கட்டில் பால்கனிப் பக்கம். அப்போது கட்டிலில் இருப்பவர் ராத்திரி பாத்ரூம் போக சோபாவில் இருப்பவரை உரசிக்கொண்டு போக வேண்டும். புல்மேன் தரையைத் தின்னாது. ஏணி மட்டும் ஒரு அடி எடுத்துக்கொள்ளும்.

அந்த ஏணி பற்றி ஒன்று. என் முதல் பயணத்தில் ராத்திரி இரண்டு மணிக்கு நான் மேலேயிருந்து இறங்கினேன், உள்ளறைக் கேபின், கும்மிருட்டு. ஏணியின் கடைசிப் படி என்று நினைத்துக் காலை வைத்தேன், அது நண்பனின் தாடை. அவன் திட்டியது இங்கே எழுதக்கூடியது இல்லை. மறுநாள் ஏணியின் கடைசிப் படியில் ஒரு வெள்ளைக் கைக்குட்டையைக் கட்டினோம், பாத்ரூம் விளக்கைப் போட்டுக் கதவை ஒரு விரற்கடை திறந்துவைத்தோம். பிரச்சினை தீர்ந்தது.

சோபாதான் கிடைத்தது என்றால், ஏறின அன்றே ஸ்டூவர்டிடம் மெத்தைமேல் போடும் நுரை விரிப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். பல கப்பல்களில் வைத்திருப்பார்கள், எண்ணிக்கை குறைவு, முதலில் கேட்டவருக்குப் போய்விடும். அது இல்லையென்றால் கூடுதலாக ஒரு கம்பளிப் போர்வை கேட்டு வாங்கி மெத்தைக்கு மேல் மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள், கம்பி அவ்வளவு குத்தாது.

நான் எடுக்கப்போகும் கேபினில் எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கப்பல் நிறுவனத்தின் இணையதளத்தில் ஒவ்வொரு டெக்கின், அதாவது கப்பல் மாடியின், வரைபடமும் இருக்கும். கேபின் எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரம், முக்கோணம், கூட்டல் குறி என்று சின்னச் சின்னக் குறிகள் இருக்கும், கீழே அவற்றுக்கு விளக்கம் இருக்கும்: இது மேல் பர்த், இது சோபா பெட், இது இரண்டும், இது பக்கத்துக் கேபினுடன் கதவு உள்ளது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் குறிகள் வேறு, அதனால் ஒன்றைப் பார்த்து இன்னொன்றை ஊகிக்க வேண்டாம். ஒரே வகைக் கேபினிலேயே, பக்கத்துப் பக்கத்து எண்ணில், ஒன்றில் புல்மேனும் மற்றதில் சோபாவும் இருக்கும். "பால்கனிக் கேபின், மூன்று பேர்" என்று மட்டும் பார்த்துப் பணம் கட்டினால் எது வரும் என்பது அதிர்ஷ்டம்.

எண்ணை நாமே தேர்ந்தெடுக்காமல், எந்தக் கேபின் என்பதை நிறுவனமே பிறகு முடிவு செய்யும் மலிவுக் கட்டணம் ஒன்று உண்டு. இரண்டு பேர் என்றால் அதை எடுங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது. மூன்று பெரியவர்களுக்கு நான் எடுக்கமாட்டேன். படுக்கை மூன்று இருக்கும், அது நிச்சயம். ஆனால் எந்த மாதிரிப் படுக்கை என்பதை அவர்கள் பார்க்கமாட்டார்கள். அப்பா அம்மாவுடன் போனபோது நான் செய்த தப்பு இதுதான்.

கேபின் காலியாக இருக்கிறது, மூன்று படுக்கையும் இருக்கிறது, ஆனாலும் மூன்றாவது ஆளைச் சேர்க்க முடியாது என்கிறார்களே?

பொய் சொல்லவில்லை. காரணம் உயிர்காக்கும் படகு. ஒவ்வொரு கேபினுக்கும் ஆபத்து நேரத்தில் எங்கே கூட வேண்டும், எந்தப் படகு என்று முன்கூட்டியே ஒதுக்கீடு உண்டு. டைட்டானிக் 1912-ல் மூழ்கியதும், 1914-ல் கடல் பயணப் பாதுகாப்புக்கு ஒரு சர்வதேச ஒப்பந்தம் போட்டார்கள், இப்போது நடைமுறையில் இருப்பது 1974-ல் எழுதிய வடிவம். அதன்படி கப்பலில் இருக்கிற ஒவ்வொரு தலைக்கும் கணக்கு வேண்டும். ராயல் கரீபியன் நிறுவனத்தின் ஓயாசிஸ் வகைக் கப்பல்களில் ஒரு படகில் 370 பேர் வரை ஏறலாம், 371-வது ஆளுக்கு இடமில்லை. அவ்வளவுதான் விஷயம்.

எல்லாக் கேபினிலும் எல்லாப் படுக்கையும் நிரம்பினால் எவ்வளவு பேரோ, அத்தனை பேரைக் கப்பல் ஏற்றுவதில்லை. ஒரு பகுதியில் குடும்பங்கள் அதிகம் பதிவு செய்து அந்தப் பகுதியின் எண்ணிக்கை தொட்டுவிட்டால், மிச்சமிருக்கிற கேபின்களை இரண்டு பேருக்கு மேல் திறக்கமாட்டார்கள். பள்ளி விடுமுறைக் காலத்தில் இது ரொம்ப சீக்கிரம் நடக்கும். சில சமயம் கப்பலின் இன்னொரு பக்கத்தில், இன்னொரு டெக்கில் கிடைக்கும், அதையும் கேட்டுப் பாருங்கள்.

இதே கணக்கின் இன்னொரு முனை வேடிக்கையானது. கப்பல்காரர்கள் கேபினுக்கு இரண்டு பேர் என்று வைத்துத்தான் நிரம்பிய விகிதத்தைக் கணக்கிடுவார்கள், அதனால் நம்மைப்போல மூன்று பேர் ஏறும் கப்பல்களில் அது 100 சதவீதத்தைத் தாண்டும். அந்தக் கூடுதல் சதவீதம் நாம்தான்.

கீழே இருக்கிற பெரிய கட்டிலை இரண்டாகப் பிரிக்க முடியுமா?

பெரும்பாலான கப்பல்களில் முடியும். அது ஒரு கட்டில் இல்லை, ஏறத்தாழ மூன்றடி அகலமுள்ள இரண்டு ஒற்றைக் கட்டில்களைச் சேர்த்து மேலே ஒரே விரிப்புப் போட்டது. பதிவு செய்யும்போது சேர்த்தா, பிரித்தா என்று ஒரு கேள்வி வரும். நண்பர்கள், அக்கா தங்கை, அப்பாவும் பிள்ளையும் என்றால் பிரித்து என்று போடுங்கள். மறந்துவிட்டால் பரவாயில்லை, ஏறிய பிறகு ஸ்டூவர்டிடம் சொன்னால் மாற்றிக் கொடுப்பார்.

ஆனால் இரண்டு இடத்தில் சிக்கல். ஒன்று, எல்லாக் கப்பலிலும் பிரியாது. டிஸ்னி ட்ரீம், டிஸ்னி ஃபேன்டஸி இரண்டிலும் பெரும்பாலான கேபின்களில் கட்டில் ஒரே துண்டு. இரண்டு நண்பர்கள் அதில் படுப்பது என்றால், நடுவில் தலையணை மதில் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். இரண்டு, புல்மேனும் கட்டிலும் எப்படி அமைந்திருக்கின்றன என்பது. பிரித்த கட்டில்கள் இரண்டு சுவரோரமாகப் போகும், புல்மேன் அவற்றில் ஒன்றுக்கு நேர் மேலே வரும், நடுவில் நடைபாதை, அங்கே ஏணி. இது எல்லாரும் தூங்கக்கூடிய அமைப்பு. கட்டில் சேர்த்து நடுவில் இருந்தால், இறங்கிய புல்மேன் ஓரமாகப் படுத்தவரின் தலைக்கோ காலுக்கோ மேலே நிற்கும், காலையில் தூக்கக் கலக்கத்தில் சடாரென்று எழுந்து உட்கார்ந்தால் நெற்றியில் ஒரு வீக்கம் நிச்சயம். சில கேபின்களில் கட்டில் சேர்ந்திருந்தால் புல்மேனையே இறக்க முடியாது என்றும் சொல்வார்கள், ஆகவே தம்பதி உள்ள மூவர் இதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

மேலே யார் படுப்பது?

வீட்டில் உட்கார்ந்து, பணம் கட்டுவதற்கு முன்னால் பேசி முடிக்க வேண்டிய கேள்வி இது. கப்பலில் ஏறி, கட்டிலைப் பார்த்த பிறகு பேசினால் "எனக்கு எங்கேயானாலும் சரி" என்று மூவரும் சொல்வார்கள், மனதுக்குள் ஆளுக்கொன்று நினைப்பார்கள்.

எடை குறைந்தவர், கால் மூட்டு நன்றாக இருப்பவர், ராத்திரி எழுந்திருக்காதவர், இந்த வரிசையில் பாருங்கள். புல்மேனுக்கு எடை வரம்பு உண்டு, கப்பலுக்குக் கப்பல் மாறும், கனமான உடம்பு என்றால் நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உயரமானவர்களுக்கும் கொஞ்சம் கஷ்டம், நீளம் ஓரளவு போதும், ஆனால் கூரை நெருக்கமாக இருக்கும், முழுசாக நிமிர்ந்து உட்கார முடியாது. உடையை மேலேயே உட்கார்ந்து மாற்ற நினைக்காதீர்கள். மூடிய இடத்தில் மூச்சு முட்டுகிற பயம் இருப்பவர்களை அங்கே அனுப்பவே வேண்டாம்.

ஏழு நாள் பயணத்தில் முறை வைத்து மாறிக்கொள்ளலாம் என்பது கேட்க நியாயமாக இருக்கும். நாங்கள் முயற்சி செய்தோம். மூன்றாவது நாள் கைவிட்டோம், ஏனென்றால் தலையணை, சார்ஜர், மாத்திரை, கண்ணாடி என்று எல்லாம் இடம் மாற வேண்டியிருந்தது, விரிப்பு வேறு அடுத்தவருடையது. முறை வேண்டும் என்றால் பயணத்தின் நடுவில் ஒரே ஒரு தடவை மாற்றுங்கள், அன்று புது விரிப்புக் கேளுங்கள். அல்லது மேலே படுப்பவருக்கு வேறு ஏதாவது சலுகை கொடுங்கள். எங்களில் மேலே படுத்தவனுக்குக் காலையில் பாத்ரூம் முதலில்.

பதிவில் முதல் பெயர், இரண்டாவது பெயர், மூன்றாவது பெயர் என்று வருவதற்கும் யார் எங்கே படுப்பது என்பதற்கும் சம்பந்தமில்லை. அந்த வரிசை பணக் கணக்குக்கு.

ஒரு தம்பதியும் இன்னொரு பெரியவரும் என்றால்?

அம்மா அல்லது மாமியார் கூட வருவது, கல்யாணமாகாத தங்கை வருவது. இதற்குத் தடுப்புத் திரை உள்ள கேபினைத் தேடுங்கள். சில கப்பல்களில் கட்டிலுக்கும் சோபா பகுதிக்கும் நடுவில் கனமான திரை இருக்கும், இழுத்துவிட்டால் இரண்டு பக்கமும் கொஞ்சம் தனிமை. சத்தத்தைத் தடுக்காது, வெளிச்சத்தைத் தடுக்கும்.

பெரியவர் அறுபதைத் தாண்டியவர் என்றால் கட்டிலில் ஒரு பாதியை அவருக்குக் கொடுத்துவிட்டு, தம்பதியில் ஒருவர் மேலேயோ சோபாவிலோ போவதுதான் நடைமுறையில் சரிவருகிறது. எங்கள் பயணத்தில் அம்மா "நான் சோபாவில் படுத்துக்கிறேன், நீ உன் அப்பாவோட படு" என்று பிடிவாதம் பிடித்தார். இரண்டு ராத்திரி கழித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தார். மூன்றாவது ராத்திரி நான் எதுவும் கேட்காமல் சோபாவில் போய்ப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். அம்மாவிடம் இதையெல்லாம் விவாதித்து ஜெயிக்க முடியாது.

மூன்று பேரும் பெரிய கட்டிலிலேயே படுத்தால்?

ஆறடி அகலத்தில் மூன்று பெரியவர்கள், நடுவில் இருப்பவர் இரண்டு மெத்தைகள் சேருமிடத்தின் பள்ளத்தில். வேண்டாம்.

பால்கனியில் படுக்கலாமா? இரண்டு நாற்காலி இருக்கிறதே.

ஒரு மணி நேரம் கண் அசரலாம். ராத்திரி முழுக்க என்றால் ஈரக் காற்று, உப்பு, பக்கத்து பால்கனிப் பேச்சு, டெக் கழுவுகிற தண்ணீர். அப்புறம், கதவைத் திறந்துவைத்தே தூங்கலாம் என்று சிலர் நினைப்பார்கள். கதவு திறந்திருந்தால் பல கப்பல்களில் குளிர்சாதனம் தானாக நின்றுவிடும், அந்த நேரம் பார்த்து யாராவது கேபின் கதவைத் திறந்தால் காற்று சுரங்கம்போல அடித்துக் கதவு விரலை நசுக்கும்.

மூன்றாவது ஆளுக்குச் செலவு குறையுமா?

கட்டணம் பெரும்பாலும் குறையும். முதல் இரண்டு பேருக்கு முழுக் கட்டணம், மூன்றாவது ஆளுக்கு அதைவிடக் குறைவு, சில சலுகைக் காலங்களில் ரொம்பவே குறைவு. மூவர் ஒரே அறையில் நெருக்கிக்கொள்வதற்கு இருக்கும் ஒரே நல்ல காரணமும் அதுதான். ஆனால் துறைமுகக் கட்டணம், வரி, பணியாளர்களுக்கான தினசரி அன்பளிப்பு எல்லாம் தலைக்கு இவ்வளவு என்று வரும், அதில் மூன்றாவது ஆள் என்று தள்ளுபடி கிடையாது. விளம்பரத்தில் மூன்றாவது ஆள் இலவசம் என்று போட்டிருந்தாலும் இவை உண்டு.

இன்னொன்று மூன்று பெரியவர்களுக்கு மட்டும் கடிக்கிற விதி. கார்னிவல், ராயல் கரீபியன் போன்றவற்றில் அளவில்லா மதுபானத் திட்டத்தை ஒருவர் வாங்கினால், அதே கேபினில் இருக்கும், குடிக்கும் வயது வந்த மற்றவர்களும் வாங்க வேண்டும். ஒருவர் குடிப்பவர், இருவர் தொடாதவர்கள் என்றால் அந்தத் திட்டத்தை மறந்துவிட்டு அவ்வப்போது தனியாக வாங்கிக்கொள்வதே மிச்சம்.

ஒருவர் கடைசி நேரத்தில் வரவில்லை என்றால்?

மூவரில் யார் விலகினாலும் கணக்கில் பெரும்பாலும் மூன்றாவது ஆள் விலகியதாகத்தான் ஆகும், ஏனென்றால் மிச்சமிருக்கும் இருவர் முழுக் கட்டணத்துக்கு வந்துவிடுவார்கள். அதாவது முழுப் பணம் கட்டியவர் விலகினால், குறைந்த கட்டணத்தில் இருந்தவர் மேலே ஏறுவார். திரும்பக் கிடைப்பது அந்தச் சின்னத் தொகையாக இருக்கும், ரத்துக்கான பிடித்தம் வேறு. யார் எவ்வளவு போடுவது என்பதை ஆரம்பத்திலேயே மூன்றால் வகுத்துவிடுங்கள். நான் மூன்றாவது, எனக்குக் கம்மி என்ற பேச்சு நட்பைக் கெடுக்கும், மேலே படுப்பவர் ஒருவர், கம்மி கட்டுபவர் இன்னொருவர் என்று போனால் இன்னும் கெடுக்கும்.

ஒரு பாத்ரூம் மூன்று பேருக்குப் போதுமா?

குளிப்பதற்கு வரிசை நிற்கும், தூங்குவதற்கு அதனால் கெடுதல் இல்லை. காலையில் கரையிறங்கும் நாளில் மட்டும் முன்தினமே நேரம் பேசிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஜிம் பக்கம் இருக்கும் பொதுக் குளியலறையில் ஒருவர் குளித்துவிடலாம், அங்கே தண்ணீரும் இடமும் கேபினைவிடத் தாராளம். டிஸ்னி கப்பல்களில் நிறையக் கேபின்களில் குளியலறையும் கழிப்பறையும் தனித்தனி, இரண்டிலும் கை கழுவும் தொட்டி. மூன்று பேருக்கு அது பெரிய வரப்பிரசாதம். பாத்ரூம் வாசலில் உயர்ந்த படி ஒன்று இருக்கும், இருட்டில் கால் விரல் இடித்துக்கொள்ளாதவர்கள் குறைவு.

மூன்று பெட்டியை எங்கே வைப்பது?

கட்டிலுக்கு அடியில். துணியை எல்லாம் எடுத்து அடுக்கிவிட்டு, காலிப் பெட்டிகளை உள்ளே தள்ளிவிடுங்கள், ஏணி நிற்கும் இடம் காலியாக இருக்க வேண்டும். கெட்டியான பெரிய பெட்டியைவிட மடங்கும் பை நல்லது. கேபின் சுவர் பெரும்பாலும் இரும்பு, காந்தக் கொக்கி ஒட்டும், மேல் பர்த்தில் இருப்பவர் தொப்பி, கண்ணாடிப் பை, சின்ன விளக்கு எல்லாம் தலைமாட்டில் மாட்டிக்கொள்ளலாம். அவருக்கு மேசை கிடையாது என்பதை நினைவில் வையுங்கள்.

குறட்டை? சிபாப் கருவி?

காதடைப்பான் மூன்று ஜோடி. இதில் விவாதமே வேண்டாம், ஒருவருக்கொருவர் பரிசாகக் கொடுத்துக்கொள்ளுங்கள். குளிர்சாதனத்தின் இரைச்சலும் ஓரளவு மறைக்கும்.

தூக்கத்தில் மூச்சு தடைபடுவதற்கு சிபாப், அதாவது முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தும் கருவி, போடுபவர் கட்டாயம் கீழே படுக்க வேண்டும். மேல் பர்த்துக்குப் பக்கத்தில் மின்பிளக் இருக்காது, குழாயும் ஏணியும் சிக்கிக்கொள்ளும். பல பழைய கப்பல்களில் மொத்தப் பிளக்கே மேசைப் பக்கம் ஒன்றிரண்டுதான், கட்டிலிலிருந்து எட்டாது. பயணத்துக்குச் சில வாரம் முன்பே நிறுவனத்திடம் சொன்னால் நீட்டிப்புக் கம்பியும் காய்ச்சி வடித்த நீரும் கேபினில் வைத்துவிடுவார்கள். வீட்டிலிருந்து மின்னழுத்தப் பாதுகாப்பு உள்ள பிளக் பலகையைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், ஏறும் இடத்திலேயே பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். கப்பலின் மின் இணைப்பு முறை நம் வீட்டு முறை போன்றதல்ல, அந்தக் கருவி அதில் சூடேறித் தீப்பிடிக்கலாம். அமெரிக்கக் கடலோரக் காவல் படை 2013-லேயே இது பற்றி எச்சரித்திருக்கிறது.

மேலே படுத்தால் ஆட்டம் அதிகமாகத் தெரியுமா?

நான்கைந்து அடி உயரத்தில் வித்தியாசம் தெரியாது. குமட்டல் பயம் இருந்தால் கப்பலின் நடுப்பகுதியில், கீழ் டெக்கில் கேபின் எடுங்கள், படுக்கை எதுவானாலும் பரவாயில்லை. ஆனால் வாந்தி வரக்கூடியவரை மேலே ஏற்றாதீர்கள், காரணம் விளக்க வேண்டியதில்லை.

மேல் கட்டிலைப் பகலிலும் இறக்கியே வைக்கலாமா?

ஸ்டூவர்டிடம் சொன்னால் விட்டுவிடுவார். மதியம் தூங்குகிறவர் அங்கே இருந்தால் வசதி. இல்லையென்றால் மடிக்கச் சொல்லுங்கள், கேபின் திடீரென்று இரண்டு மடங்கு பெரியதாகத் தெரியும். ஒன்று கவனிக்க வேண்டும், இப்போதெல்லாம் பல கப்பல்களில் கேபின் சுத்தம் ஒரு நாளைக்கு ஒரே தடவை என்று ஆக்கிவிட்டார்கள். காலையில் மட்டும் வருகிறவர் சாயங்காலம் கட்டில் இறக்க வருவாரா என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள். மடித்த சோபாவை நாமே விரிக்கலாம், புல்மேனை நாமே இறக்கக் கூடாது, சாவியும் நம்மிடம் இருக்காது.

ஏறிப் பார்த்தால் மூன்றாவது படுக்கையே இல்லையே!

இருக்கும். கூரையைப் பாருங்கள். முதல் பயணத்தில் நாங்கள் பெட்டியோடு வாசலில் நின்று, இருப்பது ஒரு கட்டில், மேசை, ஒரு முக்காலி என்று பார்த்துவிட்டு நேராக வரவேற்பு மேசைக்குச் சண்டைக்குப் போனோம். அங்கே ஒரு பெண் ரொம்பப் பொறுமையாக, "ராத்திரி வரும்" என்றார். ஒன்பது மணிக்குத் திரும்பி வந்தபோது, கூரையில் நாங்கள் விளக்குப் பலகை என்று நினைத்தது கட்டிலாகத் தொங்கிக்கொண்டிருந்தது, மேலே மடித்த துண்டில் செய்த ஒரு யானை வேறு.

பேசாமல் இரண்டு கேபின் எடுத்தால்?

எடுக்கலாம், கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு எடுங்கள். தனி ஆளாக இரண்டாவது கேபினில் இருப்பவர் பெரும்பாலும் இரண்டு பேர் கட்டணம் கட்ட வேண்டிவரும், அதுதான் இடிக்கும். தனி ஆளுக்கென்றே கட்டிய சின்ன அறைகள் சில கப்பல்களில் உண்டு, நார்வீஜியன் எபிக் 2010-ல் ஓடத் தொடங்கியபோது சுமார் 100 சதுர அடியில் அப்படி 128 அறைகளோடு வந்தது. பல நிறுவனங்கள் அதற்கப்புறம் அந்த வழியில் வந்தன. இருக்கிறதா என்று பாருங்கள்.

நான் கணக்குப் போடும் விதம் இது. பால்கனியோடு மூன்று பேருக்கு ஒரு கேபின் என்ன விலை, பால்கனி இல்லாத இரண்டு உள்ளறைகள் என்ன விலை. இரண்டு விலையும் கிட்டத்தட்ட ஒன்றாக வரும் சமயங்கள் உண்டு, அப்போது எனக்கு யோசனையே இல்லை, இரண்டு உள்ளறை. இரண்டு பாத்ரூம், ஏணி இல்லை, குறட்டை விடுபவருக்குத் தனி ராஜ்ஜியம், கடலைப் பார்க்க டெக் இருக்கிறது. மூன்று நான்கு நாள் பயணம் என்றால் நெருக்கிக்கொள்ளலாம், பத்து நாள் என்றால் இன்னொரு தடவை யோசியுங்கள். அப்பாவும் அம்மாவும் அடுத்த வருஷம் மறுபடி போகலாம் என்கிறார்கள், இந்தத் தடவை எனக்குத் தனி அறை என்று சொல்லிவிட்டேன், அம்மா உடனே "அப்போ சோபா யாருக்கு?" என்று கேட்டார்.